உயிரணுக்களைப் புடைத்தெடுக்கும் மின்சார முறம்



அரிசியில் உமி கலந்திருந்தால் என்ன செய்வீர்கள்? முறத்தில் போட்டுப் புடைப்பீர்கள். குருணை இருந்தால் சல்லடையில் சலிப்பீர்கள். கல் இருந்தால் தண்ணீரில் அரித்து எடுப்பீர்கள். ஒவ்வொரு வேலையிலும் ஏதோ ஒரு வேற்றுமையை நாம் பயன்படுத்திக் கொள்கிறோம். உமி இலேசானது, காற்றில் பறக்கிறது. குருணை சிறியது, சல்லடைக் கண்ணில் விழுகிறது. கல் கனமானது, பானையின் அடியில் தங்குகிறது.

இப்போது ஒரு கேள்வி. கலந்து கிடக்கும் இரண்டு வகை மணிகளும் ஒரே அளவு, ஒரே கனம், ஒரே நிறம். ஒன்று உயிருள்ளது, மற்றது செத்துப்போனது. அந்த மணியோ கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. அதைப் புடைக்க எந்த முறத்தைத் தேடுவது?

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த விடைகளில் ஒன்று மின்சாரம். நம் இரத்தத்தில் உள்ள உயிரணுக்களை, அவற்றைத் தொடாமல், சாயம் பூசாமல், கொல்லாமல், மின்சாரத்தால் இழுத்தும் தள்ளியும் பிரித்தெடுக்கிறார்கள். இந்த முறைக்கு 'டைஎலக்ட்ரோபோரசிஸ்' என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உங்கள் வீட்டுச் சீப்பிலேயே இந்த வித்தை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தேக்காவிலிருந்து ஒரு ரயில் பயணம்

தீபாவளிச் சாமான் வாங்கவோ, உறவினரைப் பார்க்கவோ நம்மில் பலர் சிங்கப்பூருக்குப் போய் வருகிறோம். போனால் தேக்கா மார்க்கெட், சிராங்கூன் சாலை, வீரமாகாளியம்மன் கோயில், அத்தோடு திரும்பி விடுகிறோம். அடுத்த முறை போகும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் தடத்து ரயிலில் ஏறிப் பாருங்கள். மூன்றாவது நிலையம் பூமலை. ஆங்கிலத்தில் பொட்டானிக் கார்டன்ஸ் என்பார்கள்.

அந்தப் பூமலைக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. பிரேசில் காட்டு விதையிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்த 22 ரப்பர்க் கன்றுகள் 1877-ல் இங்குதான் வந்து இறங்கின. 1888-ல் இத்தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை இங்கேதான் ஆராய்ந்து வகுத்தார். வெட்டிய பட்டை மீண்டும் வளரும். மரம் பல வருஷம் பால் தரும். நம் பாட்டனும் பாட்டியும் விடியற்காலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனார்களே, அந்தத் தொழிலின் வேர் அங்கே இருக்கிறது.

பூமலையில் வட்டத் தடத்துக்கு மாறினால் நான்காவது நிலையம் ஒன்-நார்த். பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கே சிங்கப்பூர் இருப்பதால் அந்தப் பெயர். அதன் அருகில் 'பயோபோலிஸ்' என்ற ஆராய்ச்சி வளாகம் 2003-ல் திறக்கப்பட்டது. அங்குள்ள கட்டடங்களுக்கு நானோஸ், ஜீனோம், மேட்ரிக்ஸ் என்றெல்லாம் விஞ்ஞானப் பெயர்கள். மின்சார முறத்தைச் சிங்கப்பூரில் செய்து பார்த்த இடங்களில் இந்த வளாகம் முக்கியமானது.

ஒரு சொட்டுக்குள் எத்தனை பேர்?

உயிரணு என்பது நம் உடலாகிய வீட்டின் செங்கல். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு வைத்தால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். நம் இரத்தச் சிவப்பணு ஒன்றின் அகலம் ஏழு எட்டு மைக்ரான்தான். டிரஸ்ஸர் ஊசியால் விரலைக் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்தில் ஏறக்குறைய 25 கோடிச் சிவப்பணுக்கள் இருக்கின்றன. வெள்ளையணுக்கள் அதில் சில இலட்சம் மட்டுமே.

வைத்தியர் தேடுவது இந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரு சிலரைத்தான். மலேரியா தொடங்கும்போது ஆயிரக்கணக்கான நல்ல சிவப்பணுக்களுக்கு நடுவே ஒன்றிரண்டில்தான் கிருமி இருக்கும். புற்றுநோய்க் கட்டியிலிருந்து கழன்று இரத்தத்தில் மிதக்கும் அணுவோ இன்னும் அரிது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில், ஏறக்குறைய 500 கோடிச் சிவப்பணுக்களுக்கு இடையில், ஒன்றோ இரண்டோ இருக்கலாம். ஒன்றுமே அகப்படாமலும் போகலாம். திருவிழாக் கூட்டத்தில் காணாமற்போன பிள்ளையைத் தேடுவது இதைவிடச் சுலபம்!

இன்று நடைமுறையில் உள்ள வழிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, பூதக் கண்ணாடியின் கீழ் ஒவ்வொன்றாகப் பார்ப்பது ஒரு வழி. பழகிய கண்ணும் பொறுமையும் வேண்டும். இரத்தத்தைக் குழாயில் ஊற்றி மெஷினில் வேகமாகச் சுழற்றுவது இன்னொரு வழி. ரப்பர்ப் பாலைக் கெட்டியாக்கும் தொழிற்சாலையில் பாலைச் சுழற்றித் தண்ணீரைப் பிரிக்கும் மெஷின் இருக்கிறதல்லவா? இரத்த வங்கியில் இருப்பதும் அதே தத்துவம்தான். கனமானது ஒரு பக்கம், இலேசானது ஒரு பக்கம். ஆனால் கனத்தில் வேற்றுமை இல்லாத அணுக்களைச் சுழற்சியால் பிரிக்க முடியாது.

சீப்பும் காகிதத் துண்டும்

இப்போது வீட்டுச் சோதனைக்கு வருவோம். ஒரு பிளாஸ்டிக் சீப்பை எடுத்து உலர்ந்த தலைமுடியில் இருபது முப்பது முறை வாருங்கள். எண்ணெய் தேய்த்த தலையில் பலிக்காது. மழை நாளிலும் பலிப்பது கடினம். பிறகு அரிசி அளவுக்குக் கிழித்த காகிதத் துண்டுகளின் மேலே சீப்பைக் கொண்டு போங்கள். துண்டுகள் துள்ளி எழுந்து சீப்பில் ஒட்டும். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

சீப்பில் மின்னேற்றம் ஏறியது; சரி. காகிதத்தில் ஏது மின்சாரம்? அதை யாரும் தேய்க்கவில்லையே? பின் ஏன் அது இழுபடுகிறது?

விடை இதுதான். சீப்பு நெருங்கியதும் காகிதத்துக்குள் இருக்கும் மின்னேற்றங்கள் சற்றே இடம் பெயர்கின்றன. சீப்புக்கு எதிரான வகை சீப்பின் பக்கம் வருகிறது. சீப்பை ஒத்த வகை அப்பால் ஒதுங்குகிறது. மொத்தத்தில் கூட்டிப் பார்த்தால் காகிதத்தில் மிச்சம் ஒன்றுமில்லை. ஆனால் கிட்டே உள்ள பக்கத்தைச் சீப்பு பலமாக இழுக்கிறது. எட்ட உள்ள பக்கத்தைப் பலவீனமாகத் தள்ளுகிறது. இழுப்பு ஜெயிக்கிறது. காகிதம் எழும்பிப் போகிறது.

இதில் உயிர்நாடியான சங்கதி ஒன்று உண்டு. சீப்பின் மின்சக்தி கிட்டே பலமாகவும் எட்டப் போகப்போகக் குறைவாகவும் இருப்பதால்தான் காகிதம் நகர்ந்தது. எல்லா இடத்திலும் ஒரே பலமாக இருந்திருந்தால், ஒரு பக்கத்து இழுப்பும் மறுபக்கத்துத் தள்ளலும் சமமாகி, காகிதம் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். கயிறு இழுக்கும் போட்டியில் இரு பக்கமும் சமபலம் என்றால் கயிறு நகருமா? இப்படி இடத்துக்கு இடம் பலம் மாறும் மின்சார எல்லையைத்தான் 'சீரற்ற மின்புலம்' என்று விஞ்ஞானப் பாடத்தில் படிக்கிறார்கள்.

சோதனையை இன்னும் கொஞ்சம் கவனியுங்கள். சீப்பில் ஒட்டிய சில துண்டுகள் சற்று நேரத்தில் வெடுக்கென்று விலகி ஓடும். சீப்பைத் தொட்டதும் சீப்பின் மின்னேற்றமே அவற்றுக்கும் ஏறிவிடுகிறது. ஒரே வகையானவை ஒன்றையொன்று தள்ளும். ஆகவே முதலில் நடந்தது ஒரு விளையாட்டு, பிறகு நடந்தது வேறொரு விளையாட்டு. மின்னேற்றம் பெற்ற பொருள் நகர்வது இரண்டாவது விளையாட்டு. நம் ரப்பர்ப் பாலில் மிதக்கும் நுண்துளிகளின் மேல் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. பாலில் இரண்டு தகடுகளை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் அவை நேர்மின் தகட்டை நோக்கி நகரும். அதற்குப் புலம் சீரற்றதாக இருக்கவேண்டியதில்லை. மின்னேற்றமே இல்லாத பொருளையும் நகர்த்தும் முதல் விளையாட்டுத்தான் நாம் பேசும் மின்சார முறம்.

இன்னொரு வசதியும் இதில் இருக்கிறது. மின்சாரத்தின் திசையை மாற்றினாலும் இழுப்பு மாறுவதில்லை. சீப்பின் மின்னேற்றம் மாறினால் காகிதத்துக்குள் இருப்பவையும் இடம் மாறிக்கொள்ளும். இழுப்பு அப்படியே நிற்கும். எனவே திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரத்தை இதில் தாராளமாக உபயோகிக்கலாம். அது எவ்வளவு பெரிய உதவி என்று அடுத்துப் பார்ப்போம்.

உப்புத்தண்ணீர்ப் பை

கடையில் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிறார்கள் அல்லவா? அந்தப் பையில் தேநீருக்குப் பதில் உப்புத் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உயிரணு என்பது ஏறக்குறைய அதுதான். வெளியே எண்ணெய்ப் பசை கொண்ட மிக மெல்லிய தோல். அதில் மின்சாரம் எளிதில் பாயாது. உள்ளே உப்புகள் கரைந்த நீர். அதில் மின்சாரம் நன்றாகப் பாயும்.

இந்தப் பைகளைச் சர்க்கரைத் தண்ணீரில் மிதக்க விடுகிறார்கள். சர்க்கரைத் தண்ணீரில் மின்சாரம் அதிகம் பாயாது. இப்போது மின்சாரத்தின் திசையை மெதுவாக மாற்றினால் தோல் குறுக்கே நின்று தடுத்துவிடும். பை முழுவதும் ஒரு ரப்பர் உருண்டை போலத் தோன்றும். திசையை மிக வேகமாக மாற்றினால் தோலின் தடை செல்லாமற் போய், உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீரை மின்புலம் 'பார்த்து' விடுகிறது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. இந்த வேலைக்கு நொடிக்கு ஆயிரக்கணக்கிலிருந்து பல இலட்சம், கோடிச் சுற்று வரை வேண்டும்.

ரப்பர் உருண்டை போலத் தோன்றும் அணுவைப் பலமான இடத்திலிருந்து பலவீனமான இடத்துக்குத் தள்ளலாம். உப்புத் தண்ணீர் போலத் தோன்றும் அணுவைப் பலமான இடத்துக்கு இழுக்கலாம். தள்ளுவது எப்படி என்று கேட்பீர்கள். தண்ணீருக்குள் கல்லைப் போட்டால் முழுகுகிறது. காற்றுக் குமிழி மேலே வருகிறது. குமிழியைப் பூமி வெறுக்கிறது என்றா அர்த்தம்? இல்லை. சுற்றியுள்ள தண்ணீரைப் பூமி அதிகமாக இழுக்கிறது, குமிழி ஒதுக்கப்படுகிறது. அதுபோலவே, அணுவைவிடச் சுற்றியுள்ள தண்ணீர் மின்புலத்துக்கு அதிகமாக இசைந்தால் அணு ஒதுக்கப்படும்.

செத்துப்போன அணுவின் தோலில் ஓட்டை விழுந்துவிடுகிறது. உள்ளிருந்த உப்பு வெளியே கசிந்து, உள்ளும் புறமும் ஒன்று போலாகிறது. அதை வேகமாகத் திசைமாறும் மின்புலம் பெரிதாக இழுப்பதில்லை. உயிருள்ள அணு பையை இறுகக் கட்டி வைத்திருக்கிறது, அது இழுபடுகிறது. அளவு ஒன்று, கனம் ஒன்று, நிறம் ஒன்று என்றாலும், உயிர் இருப்பதும் இல்லாததும் மின்சாரத்துக்குத் தெரிந்துவிடுகிறது! அதிசயமாக இல்லையா?

போல் காட்டிய வழி

இந்த இயக்கத்துக்கு 1951-ல் பெயர் சூட்டியவர் ஹெர்பர்ட் போல் என்ற அமெரிக்க விஞ்ஞானி. பிற்காலத்தில் ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அவரும் ஹாக் என்பவரும் சேர்ந்து 1966-ல் உயிருள்ள ஈஸ்ட் அணுக்களையும் செத்த ஈஸ்ட் அணுக்களையும் சீரற்ற மின்புலத்தால் பிரித்துக் காட்டினார்கள். ஈஸ்ட் யாரென்று தெரியுமல்லவா? ரொட்டியை உப்ப வைப்பதும் கள்ளைப் புளிக்க வைப்பதும் அதுவே. 1978-ல் போல் இந்த விஷயத்துக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

ஆனாலும் நெடுநாள் இது ஆராய்ச்சிக்கூடத்து வித்தையாகவே நின்றது. காரணத்தை ஒரு கணக்கால் சொல்லலாம். 50 மைக்ரான் இடைவெளியில் இரண்டு மின்முனைகளை வைத்து 10 வோல்ட் கொடுத்தால், ஒரு மீட்டருக்கு இரண்டு இலட்சம் வோல்ட் என்ற பலம் கிடைக்கிறது. அதே பலம் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் வேண்டுமென்றால் இடைவெளி ஆயிரம் மடங்கு. எனவே 10,000 வோல்ட் வேண்டும்! அப்படிக் கொடுத்தாலும், பலம் இடத்துக்கு இடம் மாறும் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால் தள்ளும் சக்தி போதாது. ஆகவே மின்முனைகளைத் தலைமுடியைவிட மெல்லியதாகச் செய்யும் தொழில்நுட்பம் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கம்ப்யூட்டர்ச் சில்லுகளைச் செய்யும் அதே நுட்பம் இந்த முறத்தையும் செய்து கொடுத்தது.

சிங்கப்பூரில் நடந்த வேலை

மின்னணுச் சில்லுத் தொழிலில் பல்லாண்டு அனுபவம் பெற்ற ஊர் சிங்கப்பூர். நம் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பெண்பிள்ளைகள் அத்தகைய தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள். சில்லும் உயிரணுவும் சந்திப்பதற்கு ஏற்ற இடம்.

பயோபோலிஸில் 2003-ல் தொடங்கிய உயிர்ப்பொறியியல், நானோ தொழில்நுட்பக் கழகத்தில் சிப்ரியன் இலியெஸ்கு என்ற ருமேனிய நாட்டு விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் டே என்ற பேராசிரியரும் இந்தத் துறையில் 2005 முதல் பல கட்டுரைகளை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல் நமக்கும் புரியக் கூடியது.

அதுவரை பலர் செய்த சில்லுகளில் கண்ணாடியின் மேல் மெல்லிய உலோகப் பூச்சே மின்முனையாக இருந்தது. தரையில் கோலம் போட்டது போல. அப்படிப்பட்ட முனையின் சக்தி தரையை ஒட்டித்தான் இருக்கும். சற்று மேலே போனால் தேய்ந்துவிடும். வாய்க்காலில் அடித்தண்ணீரில் போகும் அணு அகப்படும். மேல்தண்ணீரில் போகும் அணு தப்பிவிடும். இவர்கள் கோலத்துக்குப் பதிலாகச் சுவரே எழுப்பினார்கள். மேலும் கீழும் கண்ணாடி. நடுவே சிலிக்கானைச் செதுக்கி எழுப்பிய சுவர்கள். அந்தச் சுவர்களே மின்முனைகள், அவற்றின் நடுவே ஓடுவதே வாய்க்கால். மேலிருந்து கீழ்வரை எந்த உயரத்தில் அணு போனாலும் மின்சாரத்தின் பிடியில் இருக்கும்.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. மின்சாரம் பாயும் திரவம் சூடேறும். சூடு அதிகமானால் அணு வெந்து செத்துவிடும். பிறகு பிரித்து என்ன பயன்? சிலிக்கான் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். சுவர்கள் தடித்தவையாக இருப்பதால் சூட்டை வாங்கி வெளியே விடுகின்றன. ரிட்லி மரத்தைக் கொல்லாமல் பாலெடுக்க வழி தேடினார். அவருடைய தோட்டத்திலிருந்து நான்கு நிலையம் தள்ளி, அணுவைக் கொல்லாமல் பிரிக்க வழி தேடினார்கள்.

சோதனைக்கு இவர்களும் ஈஸ்டையே எடுத்தார்கள். ஆபத்தில்லாதது, மலிவானது, சொன்னபடி கேட்பது. உயிருள்ளதும் செத்ததும் கலந்த நீர் வாய்க்காலில் ஓடும்போது, ஒரு கூட்டத்தை மின்புலம் சுவரோரம் பிடித்துக்கொள்ளும். மற்றக் கூட்டம் ஓட்டத்தோடு போய்விடும். பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டால், பிடிபட்டவையும் விடுபட்டுத் தனியே வந்து சேரும். அந்தக் கழகம் பின்னர் அரசாங்கத்தின் வேறு ஆராய்ச்சி அமைப்புகளோடு இணைக்கப்பட்டுப் பெயரும் மாறியது. ஆனால் செய்த வேலை ஏட்டில் நிற்கிறது. உலகெங்கும் மற்றவர்கள் அதைப் படித்து மேலே போகிறார்கள்.

மின்சாரம் ஒன்றுதான் வழி என்று எண்ணிவிட வேண்டாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் லிம் சுவீ தெக் என்ற பேராசிரியரின் குழுவினர், மின்சாரம் இல்லாமலே, சுருண்டு செல்லும் நுண்ணிய வாய்க்காலில் இரத்தத்தை ஓடவிட்டு, பருமனான புற்றணுக்களை ஒரு பக்கமாக ஒதுக்கும் முறையில் ஈடுபட்டார்கள். வளைவில் ஓடும் ஆறு மணலை ஒரு கரையில் ஒதுக்குவதைப் பார்த்திருப்பீர்களே! அந்த வழியில் வந்த கருவி வியாபாரத்துக்கும் வந்தது. ஒரு வேலைக்கு முறமும் சல்லடையும் இரண்டும் தேவைப்படுவது போலத்தான் இதுவும்.

மலேரியாவும் புற்றுநோயும்

மலேரியா என்ற சொல் தோட்ட மக்களுக்குப் புதியதல்ல. காடு வெட்டித் தோட்டம் போட்ட காலத்தில் எத்தனை குடும்பங்களை அது வாரிக்கொண்டு போனதோ! 1982-ல் சிங்கப்பூரை மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இலங்கைக்கு அந்தப் பெருமை 2016-ல் கிடைத்தது. மலேசியாவிலும் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் இல்லை.

ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் ஒரு வகை இருக்கிறது. காட்டோரத் தோட்டங்களில் வேலை செய்வோர் கவனிக்க வேண்டியது இதுவே. 2004-ல் சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் பால்பீர் சிங் முதலிய ஆராய்ச்சியாளர்கள், வேறு வகை மலேரியா என்று எண்ணப்பட்ட பல நோயாளிகளுக்கு உண்மையில் இந்தக் குரங்கு மலேரியாவே இருந்தது என்று கண்டுபிடித்தார்கள். பூதக் கண்ணாடியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியும். ஆனால் குரங்கு மலேரியா வேகமாக முற்றி உயிருக்கே உலை வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிவது ஒன்றாகவே இருக்கும் என்பதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் குடியேறினால், அணுவின் தோலைத் தன் வசதிக்காகக் கசிய வைக்கிறது. பையில் ஓட்டை! சர்க்கரைத் தண்ணீரில் போட்டால் அதன் உப்பு வெளியேறிவிடும். நல்ல அணு உப்பைக் காப்பாற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் பீட்டர் காஸ்கோயின் என்பவரும் தாய்லாந்து ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, நல்ல அணுக்களை மின்முனையில் பிடித்து வைத்து, கிருமியுள்ள அணுக்களைத் தனியே ஓடவிடும் முறையை 2002-ல் வெளியிட்டார்கள். இதே காஸ்கோயினும் சகாக்களும் 1995-ல், இரத்தத்தில் கலந்த மார்பகப் புற்றணுக்களைச் சாயமின்றிப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். புற்றணு பருமனானது, தோலும் சுருக்கங்கள் நிறைந்தது. மின்சாரத்துக்கு அந்தச் சுருக்கம் தெரிகிறது.

இத்தாலியில் பொலோனியா நகரத்து நிறுவனம் ஒன்று இன்னும் ஒரு படி போனது. ஒவ்வொரு அணுவையும் தனித்தனி மின்சாரக் கூண்டில் மிதக்க வைத்து, வேண்டிய ஓர் அணுவை மட்டும் வெளியே எடுக்கும் கருவியைச் செய்து விற்கிறார்கள். அந்த ஒற்றை அணுவை ஆராய்ந்தால், புற்றுநோய்க்கு எந்த மருந்து பலிக்கும் என்று அறியத் துணையாக இருக்கும்.

தோட்டத்துக்கு எப்போது வரும்?

உள்ளங்கை அளவுச் சில்லு, ஒரு சொட்டு இரத்தம், சில நிமிடத்தில் விடை. இப்படி ஒரு பெட்டி தோட்ட மருந்தகத்துக்கு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அதற்கான ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்: இன்று நம் கிளினிக்குகளில் வழக்கமாகச் செய்யும் இரத்தச் சோதனையில் இந்த முறை இல்லை. இரத்தத்தை முதலில் சர்க்கரைத் தண்ணீருக்கு மாற்ற வேண்டும். வாய்க்கால் நுண்ணியதாக இருப்பதால் அதிக இரத்தத்தை ஓடவிட நேரமாகும், அணுக்கள் அடைத்துக்கொள்ளும். ஒருவருக்கொருவர் அணுக்களிலும் சிறு வேற்றுமை உண்டு. இவற்றையெல்லாம் தாண்டி, ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்து, தவறாது என்று நிரூபித்த பிறகே ஒரு கருவி ஆஸ்பத்திரிக்குள் நுழைய முடியும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மின்சாரம், காந்தம், 'செல்' என்ற சொற்களைச் சொல்லி, இரத்தத்தைச் சுத்தம் செய்யும் கைவளை, கெட்ட அணுவை விரட்டும் இடுப்பு பெல்ட் என்று விற்க வருபவர்கள் உண்டு. சம்பள நாள் பார்த்தும் வருவார்கள். மேலே சொன்ன கணக்கை நினைவில் வையுங்கள். மின்சார முறம் வேலை செய்வது தலைமுடியைவிடச் சிறிய இடைவெளியில், உடம்புக்கு வெளியே, சில்லுக்குள் மட்டுமே. கையில் கட்டும் வளை உங்கள் இரத்தத்தில் ஓர் அணுவையும் பிரிக்காது. அந்தப் பணத்துக்குப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கலாம். முட்டையும் பாலும் வாங்கலாம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. புதுக் கருவி வரட்டும் என்று எவரும் காத்திருக்க வேண்டாம். மார்பில் கட்டி தட்டுப்பட்டால், காம்பில் இரத்தம் கசிந்தால், மாதவிலக்கு நின்ற பிறகும் உதிரம் பட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கருப்பைவாய்ச் சோதனையை அரசாங்கக் கிளினிக்குகளில் செய்கிறார்கள். தாதி கூப்பிட்டால் போய்ச் செய்துகொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் ஆண்களும் 'வேலை முடியட்டும், நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடக் கூடாது. காட்டோரத்தில் வேலை செய்பவர் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் சரியான சோதனையைச் செய்ய வைக்கும். இன்றிருக்கும் பூதக் கண்ணாடியும் இரத்தச் சோதனையும் காலத்தோடு போனவர்களைக் காப்பாற்றும் வல்லமை உள்ளவையே. காலம் கடந்து போனால் எந்தச் சில்லும் உதவாது.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் வேலை செய்பவர்களைப் பாருங்கள். ஒருவர் பௌதிகம் படித்தவர், ஒருவர் இயந்திரப் பொறியியல் படித்தவர், ஒருவர் உயிர்நூல் படித்தவர், ஒருவர் சில்லு செதுக்கும் தொழில் அறிந்தவர். இவர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்ததால்தான் காரியம் நடந்தது. ஆகவே 'கணக்கு வராது, விஞ்ஞானம் நமக்கு ஆகாது' என்று உங்கள் பிள்ளை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளை இரவு எண்ணெய் வைக்காத தலையில் சீப்பை வாரச் சொல்லுங்கள். சுவரில் உள்ள மின்சாரத்தை மட்டும் தொடக்கூடாது என்று கண்டித்துச் சொல்லுங்கள். காகிதம் துள்ளும்போது 'ஏன்?' என்று பிள்ளையிடம் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் மறுநாள் பள்ளிக்கு அந்தக் கேள்வியோடு அனுப்புங்கள். விடை சொல்ல ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம்.